முள் நின்ற இடம்

ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் அவர் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லிவிட முடியாது. முடியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வாசலில் நிற்கிற உங்கள் ஏட்டையாவைப் பாருங்கள். பெல்ட்டுக்கு மேலே தொந்தி தெரிகிறது, ஆனால் தோளும் கையும் கட்டை மாதிரி இருக்கின்றன. நூற்றுக்கு இருபத்திரண்டுக்கு மேல் இருக்காது. இங்கே நான் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கிற ரைட்டர் ஒல்லிதான். ஆனால் முழங்கைக்கு மேலே சதை தளர்ந்து போயிருக்கிறது, நடப்பதும் குறைவு என்று தெரிகிறது. அவருக்கும் அதே இருபத்திரண்டு இருக்கலாம். இரண்டு பேரையும் அடுத்தடுத்து நிறுத்தினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் சொன்னதும் யூகம்தான். அளக்காமல் சொல்வதெல்லாம் யூகம்.

நிதானமாகச் சொல் என்றீர்கள். நான் எப்போதுமே நிதானமானவன், ஐயா. என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் அதை மட்டும் ஒத்துக்கொள்வார்கள்.

என் பெயர் வரதன். சொந்த ஊர் திருப்பாச்சூர். திருவள்ளூரிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போய் விலங்கியல் படித்தேன். படித்து முடித்த வருஷம் அறுபத்து மூன்று. சீனச் சண்டை முடிந்து பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் போனேன். தராசில் நிற்க வைத்தார்கள். நாற்பத்தாறு கிலோ. போகலாம் என்றார்கள். எனக்குப் பின்னால் நின்றவன் எழுபது கிலோ. ஊதிப்போன உடம்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அவனை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, எடை என்பது பொய் சொல்கிற எண் என்று. அதில் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, சும்மா சுமக்கிற கொழுப்பு எவ்வளவு என்று தராசு சொல்வதில்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கையில் கொடுத்துவிடுகிறது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தினேன். எழுபத்தைந்தில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. பெயர் உங்கள் ஃபைலில் இருக்கிறது, நான் சொல்லவேண்டியதில்லை. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலும், கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்துகொண்டிருந்த தொழிற்சாலைகளைச் சுற்றியும் உள்ளவர்களின் உடம்பை அளக்கும் வேலை. மேலே டாக்டர் ராஜமாணிக்கம். மாதம் ஒரு முறை சென்னையிலிருந்து வந்து பார்ப்பார். களத்தில் நானும் சாராள் என்கிற பெண்ணும். சாராள் கவரைப்பேட்டைப் பக்கம். அப்பா அம்மா கழனி வேலை செய்தவர்கள். அவள் நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டவள். கையெழுத்து நன்றாக இருக்கும். நான் அளவைச் சொல்வேன், அவள் எழுதுவாள்.

அளப்பது எப்படி என்று சொல்கிறேன். பெரிய இடுக்கி மாதிரி ஒரு கருவி, அதற்கு ஒரு வட்ட முகம், அதில் ஒரு முள். மேல்கையின் முன்பக்கம், பின்பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே என்று நான்கு இடத்தில் தோலைக் கிள்ளித் தூக்கி, அந்த மடிப்பின் கனத்தை எடுக்கவேண்டும். தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு அந்த மடிப்பில் வந்துவிடும். நான்கையும் கூட்டி ஓர் அட்டவணையில் பார்த்தால் உடம்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்று போட்டிருக்கும். குப்பத்தில் எனக்கு 'கிள்ற சாரு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் வருத்தப்படவில்லை. ஒரு நாளும் யாரையும் வலிக்கக் கிள்ளியதில்லை.

சிக்கல் அந்த அட்டவணையில் இருந்தது. அது குளிர்நாட்டில் நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவர்களை அளந்து போட்டது. உப்புத் தண்ணீரில் இடுப்பளவு நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிறவனுக்கு அது பொருந்துமா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

திருமலையும் அவன் சம்சாரம் செல்லியம்மாளும் எழுபத்தாறு தை மாதத்தில் என்னிடம் வந்தார்கள். நான் கும்மிடிப்பூண்டியில் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லின் முன்கட்டை வாடகைக்கு எடுத்து அளக்கும் இடமாக வைத்திருந்தேன். திருமலைக்கு இருபத்தேழு வயது. கறுத்து, நரம்போடி, கயிறு முறுக்கின மாதிரி இருப்பான். அந்த வருஷம் ஏரி முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டது. இறால் இல்லை. ஓர் இரும்புத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று போயிருக்கிறான்.

"தராசு மேல நிக்கச் சொன்னானுங்க சார். நாப்பத்திநாலு காட்டிச்சு. நாப்பத்தெட்டு இல்லாம இந்தப் பக்கம் வராதேன்னு தொரத்திட்டானுங்க," என்றான்.

செல்லியம்மாள் அவனைவிடக் கோபமாக இருந்தாள். "ரெண்டு ஆளு தள்ற படகை இவரு ஒத்த ஆளா தள்ளிக்கினு போவாரு சார். அந்தத் தராசுக்கு அதெல்லாம் இன்னா தெரியும்? நீங்க கிள்ளிப் பாத்தா ஒடம்புல இன்னா கீதுன்னு சொல்லிடுவீங்களாமே. ஒரு லெட்டரு எயுதிக் குடுங்க."

எனக்கு அந்தப் பட்டாளத்துத் தராசு ஞாபகம் வந்தது. நான் அவர்களை உட்காரவைத்து விளக்கினேன். எடை குறைவாக இருந்தால் என்ன, அதில் கொழுப்பும் குறைவு என்றால் மீதி எல்லாம் தசைதான், வேலை செய்கிற உடம்புதான் என்றேன். அதை எண்ணாக எழுதிக் கொடுத்தால் தொழிற்சாலை டாக்டர் மறுக்க முடியாது என்றேன்.

திருமலை சிரித்தான். "கொயுப்பு இல்லாதவன்னு எயுதுவீங்களா சார்? எங்க மாமனாருகிட்ட அதைக் காட்டணும். ஒடம்பெல்லாம் கொயுப்புன்னு அந்தாளு ஊரு பூரா சொல்லிக்கினு கீறாரு."

சாராளும் சிரித்தாள். நான் அளந்தேன். மூன்று, ஐந்து, ஆறு, நான்கு. கூட்டினால் பதினெட்டு மில்லிமீட்டர். அட்டவணைப்படி நூற்றுக்கு ஏழு.

டாக்டர் அடுத்த முறை வந்தபோது அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "ஏழா? உங்க கை அழுத்தம் ஜாஸ்தி வரதன். இல்லன்னா அட்டவணை தப்பு. எதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அதுவரை நான் அளந்த இருநூற்றுப் பதினான்கு பேரைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்.

என் கையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஐயா.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஆளைத் தண்ணீருக்குள் வைத்து எடை போடுவது. கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் மூழ்கும். அதனால் வெளியே இருக்கும் எடையையும் தண்ணீருக்குள் இருக்கும் எடையையும் வைத்துக் கணக்கிட்டால் கொழுப்பின் பங்கு வந்துவிடும். மற்ற எல்லா முறைக்கும் அதுதான் உரைகல். ரைஸ் மில்லின் பின்கட்டில் நெல் ஊறவைக்கும் சிமெண்ட் தொட்டிகள் இருந்தன. ஒன்றை நானே தேய்த்துக் கழுவினேன். மேலே உத்தரத்தில் கப்பி மாட்டி, அதில் முள் தராசு, தராசிலிருந்து ஓர் இரும்பு நாற்காலி. ஆள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கயிற்றைத் தளர்த்தினால் தலை ஒரு சாண் ஆழத்துக்குள் போகும். கால் தரையைத் தொடாது. ஆடாமல் இருக்க மடியில் ஒரு பெல்ட். கையில் ஒரு நூல், அதன் மறுமுனையில் சைக்கிள் மணி. மூச்சு முட்டினால் நூலை இழுக்கவேண்டியது, மணி அடித்ததும் நான் கயிற்றை இழுத்துத் தூக்கிவிடுவேன். டாக்டர் வந்து பார்த்து, எப்போதும் இரண்டு பேர் கூடவே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்.

தண்ணீருக்குள் போகுமுன் மூச்சு முழுவதையும் வெளியே விட்டுவிட வேண்டும். இதுதான் கஷ்டம். நெஞ்சில் காற்று இருந்தால் அது ஆளைத் தூக்கிப் பிடிக்கும், எடை குறைத்துக் காட்டும். தொழிற்சாலைப் பையன்கள் நாலைந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தேன். பாதிக் காற்றை உள்ளே பிடித்துக்கொண்டு, மூன்று விநாடியில் மணியை அடித்தார்கள். திருமலை அப்படி இல்லை. சிறுவயதிலிருந்து ஏரிக்குள் மூழ்கி வலை எடுத்தவன். கடைசிச் சொட்டுக் காற்றையும் விட்டுவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு, அரை நிமிஷம் கல் மாதிரி உட்கார்ந்திருப்பான். அவன் மாதிரி ஓர் ஆள் எனக்கு அதற்கு முன்பும் கிடைக்கவில்லை, பின்பும் கிடைக்கவில்லை. அவனை எனக்கு மிகவும் பிடிக்கும். நீங்கள் இதை எழுதிக்கொள்ள வேண்டும். அவன் மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது.

இரண்டு வாரத்தில் ஆறு முறை மூழ்கினான். காலையில் வெறும் வயிற்றோடு வருவான். "நாஷ்டா துன்னாம வந்துட்டேன் சார், சீக்கிரம் முக்குங்க," என்பான். செல்லியம்மாள் சில நாள் கூடவே வந்து தொட்டிப் பக்கத்தில் குந்திக்கொண்டு, அவன் தலை மேலே வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிடுவாள். எடை வெளியே நாற்பத்துநாலு புள்ளி இரண்டு. தண்ணீருக்குள் ஒரு முறை ஒன்று புள்ளி ஒன்பது, ஒரு முறை இரண்டு புள்ளி நாலு. ஒரே ஆள், ஒரே தொட்டி. முள் ஒரு நேரமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கணக்குப் போட்டால் எட்டிலிருந்து பதின்மூன்று வரை வந்தது. பதின்மூன்று என்றால் என் கை தப்பு. எட்டு என்றால் என் கை சரி. அதற்கு நடுவில் முள் ஊசலாடிக்கொண்டிருந்தது.

ஆறாவது முறை ஒரு சின்னச் சம்பவம். முள் மெல்ல அடங்கி வந்துகொண்டிருந்தது. மணி அடித்தது. இன்னும் இரண்டு விநாடி இருந்தால் நின்றுவிடும் என்று தோன்றியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாராள் ஓடிவந்து கயிற்றைத் தானே இழுத்துவிட்டாள்.

"அவரு நூலை இஸ்த்துட்டாரு சார். மணி அடிக்குது. நீங்க முள்ளையே பாத்துக்கினு நிக்கிறீங்க," என்றாள்.

திருமலை இருமிவிட்டு, "பரவால்லம்மா. சாரு கணக்குல கீறாரு," என்றான். சாராள் அவன் தோளில் துண்டைப் போர்த்திவிட்டாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அவள் இழுத்த வேகத்தில் அந்த அளவு கெட்டுப்போனது.

அந்த வாரம் டாக்டர் வந்தார். ஆறு எண்களையும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டாலும் இது சரியா வராது வரதன்," என்றார். "மூச்சை முழுக்க விட்டாலும் நுரையீரல்ல ஒரு லிட்டர் காற்று தங்கிடும். அது எவ்வளவுன்னு அளக்கிற மெஷின் நம்மகிட்ட இல்ல. வெளிநாட்டுக்காரன் போட்ட சராசரியைத்தான் கழிக்கணும். அப்ப இதுவும் யூகம்தான்." பிறகு சிரித்துக்கொண்டே, "செத்தவன் நெஞ்சுலதான் காற்று இருக்காது," என்றார்.

அது வேடிக்கையாகச் சொன்னது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் தப்பு எதுவும் இல்லை என்பதையும் கவனித்தேன். அவர் ஜீப்பில் ஏறிப் போன பிறகு தொட்டியின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நுரையீரலில் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் கழிக்கவேண்டியது எதுவும் இருக்காது. ஆள் அசையாததால் முள்ளும் ஆடாது. இரண்டு பிழையும் ஒரே நேரத்தில் போய்விடும். இதை நான் ஒரு தீர்மானமாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கில் ஒரு படி எழுதினால் அடுத்த படி தானே வருமே, அப்படி வந்தது.

ஏழாவது அளவு ஒரு வியாழக்கிழமை காலை, ஒன்பது மணிக்கு. நல்ல வெயில். மில்லின் கூரை ஓட்டை வழியாகத் தொட்டிக்குள் வெளிச்சம் விழுந்திருந்தது. சாராளைக் காலையிலேயே ரயில் ஸ்டேஷனுக்கு அனுப்பினேன், சென்னையிலிருந்து பார்சல் வருகிறது என்று. பார்சல் எதுவும் இல்லை. செல்லியம்மாள் அன்று வரவில்லை. தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் கடைசி நாள் சனிக்கிழமை என்று கேள்விப்பட்டு, அவனுக்கு ஒரு நல்ல சட்டை இரவல் வாங்க அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

பெல்ட்டின் பக்கிள் வழக்கமாக மடியின் முன்பக்கம் இருக்கும். அன்று ஏன் நாற்காலியின் முதுகுப் பக்கம் இருந்தது என்று கேட்டீர்கள். முன்பக்கம் இருந்தால் கை அதில் படும், பட்டால் நாற்காலி ஆடும். அதற்காக மாற்றினேன். அவனிடமும் அதைத்தான் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

"இதான் கடைசியா சார்?" என்று கேட்டான்.

"இதுதான் கடைசி. இன்றைக்கு லெட்டர் எழுதிவிடலாம்," என்றேன்.

"முள்ளு நிக்கிற வரைக்கும் நானும் தம் புடிச்சிப் பாக்கறேன் சார். நீங்களும் பாவம், இதோட எவ்ளோ பேஜாரு," என்றான்.

மூச்சை விட்டான். கயிற்றைத் தளர்த்தினேன். ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

ஐம்பத்தோராவது விநாடியில் மணி அடித்தது. அவன் அதுவரை இருந்ததே பெரிய விஷயம். முள் அப்போது இரண்டு புள்ளி மூன்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் கயிற்றைத் தொடவில்லை. மணி மொத்தம் பதினொரு முறை அடித்தது, பிறகு நூல் அறுந்துவிட்டது. நாற்காலி மிகவும் ஆடியது. முள் அங்கும் இங்கும் போனதில் எதையும் படிக்க முடியவில்லை. அவன் ஒரு கையைத் தூக்கித் தொட்டி விளிம்பைப் பிடித்தான். விளிம்பைப் பிடித்தால் உடம்பின் பாரம் அதில் இறங்கிவிடும், தராசு குறைத்துக் காட்டும். அதனால் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். வலது கை, நாலு விரல். கட்டைவிரல் தானாக விட்டது. தண்ணீருக்குள்ளிருந்து அவன் என்னைப் பார்த்தான். நான் தராசைப் பார்த்தேன்.

அதன் பிறகு முள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. இரண்டு புள்ளி ஆறு. இரண்டு புள்ளி ஒன்பது. நாலு நிமிஷம் இருபது விநாடியில் மூன்று புள்ளி மூன்றில் வந்து நின்றது. அது வரை எந்த ஆளிடமும் நின்றிராத முள், ஐயா. ஐந்து விநாடி நின்றாலே அளவு செல்லும். நான் ஒரு நிமிஷம் முழுக்கப் பார்த்தேன். மயிரிழைகூட அசையவில்லை. எழுதிக்கொண்டு, கணக்குப் போட்டேன். காற்றுக்காக எதையும் கழிக்கவில்லை. ஒன்பது புள்ளி ஒன்பது.

அட்டவணை சொன்னது ஏழு. உண்மை ஒன்பது புள்ளி ஒன்பது. என் கையும் சரி, அழுத்தமும் சரி. அட்டவணைதான் நம் ஆட்களுக்குக் நூற்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று பங்கு குறைத்துச் சொல்கிறது. இதை வேறு யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

பிறகு அவனைத் தூக்கினேன். பெல்ட்டை அவிழ்த்து, பக்கிளைத் திரும்ப முன்பக்கம் மாட்டினேன். நூலை மாற்றினேன். அவனைத் தொட்டி ஓரத்தில் படுக்கவைத்துத் துடைத்தேன். ஈரம் இருந்தால் தோல் வழுக்கும் என்பதால் துடைத்த பின் நான்கு மடிப்பையும் மறுபடி எடுத்தேன். மூன்று, ஐந்து, ஆறு, நான்கு. எதுவும் மாறவில்லை. அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அப்புறம்தான் ஓடிப்போய்த் தெருவில் ஆட்களைக் கூப்பிட்டேன். நான் முன்கட்டில் இருந்தபோது அவனாகவே தொட்டியில் இறங்கிப் பழகிப் பார்த்திருக்கிறான், வலிப்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்றேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். சாராள் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து என்னையும் புது நூலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டாள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவளைக் கேட்கப்போகிறீர்கள். அவள் சொல்லி யார் கேட்டிருப்பார்கள்?

செல்லியம்மாள் மத்தியானம் வந்தாள். கையில் இரவல் சட்டை இருந்தது. அழவில்லை. தொட்டிக்குள் எட்டிப்பார்த்தாள். கையை விட்டு ஆழம் பார்த்தாள்.

"மாரளவு தண்ணி சார் இது," என்றாள். "அவரு மூச்சு உடாம முகத்துவாரத்துக்கு அந்தாண்ட எயுந்துருப்பாருன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. மாரளவு தண்ணில எப்டி சார் போவாரு?"

வலிப்பு வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றேன்.

"அவருக்கு வலிப்பு வந்ததே கெடையாதே சார்," என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக் கேட்டாள்.

ஏழாம் நாள் நான் குப்பத்துக்குப் போனேன். போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் லெட்டர் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். தட்டச்சு அடித்து, கையெழுத்துப் போட்டு, எடுத்துக்கொண்டு போனேன். 'திருமலை, வயது இருபத்தேழு, எடை நாற்பத்துநாலு புள்ளி இரண்டு கிலோ. கொழுப்பு நூற்றுக்கு ஒன்பது புள்ளி ஒன்பது மட்டுமே. மெலிந்த தோற்றம் கொண்டவராயினும் தசை வலு நிறைந்தவர், கடின உழைப்புக்குத் தகுதியானவர்.' அதில் ஒரு சொல்லும் தப்பில்லை.

செல்லியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல அவரு கீறாருன்னு போட்டுக்கீதா சார்?" என்று கேட்டாள்.

எடை, கொழுப்பு, தசை எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறது என்றேன். அவள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தத் தாள் இப்போதும் அவளிடம் இருப்பதாகச் சொன்னீர்கள். நல்லது. அது மூலப் பிரதி. சாட்சியாக வைத்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அவளை நான் பிறகும் பார்த்திருக்கிறேன். அதே தொழிற்சாலையில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பெண்களைத் தராசில் நிறுத்துவதில்லை. காலையில் கேட்டுக்கு முன்னால் தூக்குவாளியோடு நிற்பாள். முழங்கை எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. மூன்று வருஷத்தில் நிறையக் குறைந்திருக்கிறது, இருபதிலிருந்து பதினைந்துக்கு வந்திருக்கலாம். இது யூகம்.

இப்போது டாக்டருக்கு நான் எழுதிய கடிதத்துக்கு வருகிறேன். நான் ஏன் எழுதினேன் என்று உங்களுக்குப் புரியவில்லை என்றீர்கள். மூன்று வருஷம் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாக எழுதியிருக்காவிட்டால் இன்றைக்கும் நீங்கள் என்னைக் கேட்டிருக்க மாட்டீர்கள். மனசாட்சி உறுத்தியதா என்று ரைட்டர் கேட்டார். அப்படிச் சொன்னால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும் என்று தெரிகிறது. ஆனால் நடந்தது வேறு.

இந்த வருஷம், எழுபத்தொன்பது சித்திரையில், டாக்டரின் அறிக்கை அச்சாகி வந்தது. எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். ஏழாவது எண்ணை முந்தின நாள் எடுத்ததாகப் போட்டு அவருக்கு அப்போதே அனுப்பியிருந்தேன். பிரித்துப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு பேர் இருக்கவேண்டிய பட்டியலில் இருநூற்றுப் பதின்மூன்று பேர் இருந்தார்கள். திருமலை இல்லை. கீழே அடிக்குறிப்பாக ஒரு வரி: 'ஒரு நபரின் நீரடி எடை நம்பத்தகாத அளவு கூடுதலாக இருந்ததால், அளவீட்டுப் பிழை எனக் கருதி நீக்கப்பட்டது.' அத்தனை பேரிலும் சரியாக அளக்கப்பட்டவன் அவன் ஒருவன். அவனைத் தூக்கிவிட்டு, யூகங்களை எல்லாம் அச்சடித்திருந்தார்கள்.

அது அவனுக்குச் செய்த அநியாயம் என்று எனக்குப் பட்டது. அந்த எண்ணுக்காக அவன் கொடுத்தது கொஞ்சமில்லை. அதனால் டாக்டருக்கு எழுதினேன். எடை ஏன் கூடுதலாகத் தெரிகிறது, காற்றைக் கழித்தால் ஏன் கணக்கு உதைக்கிறது, கழிக்காமல் போட்டால் ஏன் ஒன்பது புள்ளி ஒன்பது வருகிறது என்று விளக்க வேண்டியிருந்தது. அதை விளக்கவேண்டுமானால் அளவு எடுத்த நேரத்தில் ஆள் எந்த நிலையில் இருந்தான் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பக்கிளைப் பற்றியும், விரல்களைப் பற்றியும், நேரத்தையும் எழுதினேன். செய்முறையை மறைத்தால் முடிவுக்கு மதிப்பு கிடையாது. அடுத்த பதிப்பில் சேர்ப்பார் என்று நினைத்தேன். அவர் கடிதத்தை உங்களிடம் கொடுத்துவிட்டார். பதில் எதுவும் போடவில்லை. அறிவியலில் பழகிய மனுஷர் அப்படிச் செய்தது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: திருமலை தவறி விழவில்லை. வலிப்பு வரவில்லை. நான்தான் அவனைத் தண்ணீருக்குள் வைத்திருந்தேன், தெரிந்தே, கடைசி வரைக்கும். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் நேற்று உங்கள் அரசு டாக்டர் வந்து ஒன்று சொன்னாரே, அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. தண்ணீரில் மூழ்கிச் சாகிறவனின் நெஞ்சு முழுவதும் தண்ணீர் நிறைவதில்லை என்றார். கொஞ்சம் காற்று அப்படியே உள்ளே அடைபட்டுக் கிடக்கும், எத்தனையோ பிரேதத்தை அறுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. திருமலை போனபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை. அவனுக்காக நான் செய்தது ஒன்றே ஒன்று, அவனைச் சரியாக அளந்தது. அதுவும் தப்பாக இருக்கலாம் என்றால் தாங்க முடியவில்லை, ஐயா.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஓர் உதவி. அந்த டாக்டர் அடுத்த முறை வரும்போது, சுமாராக எவ்வளவு காற்று தங்கும் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். கழித்துக்கொள்ளலாம்.